துவைக்காத துணி

பால்கனிக் கொடியில் அந்தப் பச்சைப் போர்வை தொங்குவதைப் பார்த்ததும் தெய்வநாயகம் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அது பச்சை என்பதே இப்போதுதான் தெரிகிறது. முந்தாநாள், நாய் கொடுக்கப்போகிற பெண் பெனிட்டா தான் வேலை பார்க்கிற பாலக்கரைப் பல் ஆஸ்பத்திரி வாசலில் பையில் போட்டுக் கொடுத்தபோது, என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி நாய் முடியும் நாய் வாடையுமாக, ஒரு மூலை கடித்துக் குதறப்பட்டு இருந்தது. இப்போது குதறிய மூலையையும் காணோம். வல்லி அதை மடித்துத் தைத்திருந்தாள். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் வல்லி கையில் சிக்கிய அழுக்குத் துணி எதுவும் தப்பித்ததில்லை. அது தெரிந்தும், போர்வையைப் பால்கனி மூலையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் வல்லி, கொடியிலிருந்து போர்வையை உருவியபடி. "நாத்தம் குடலைப் புடுங்குச்சு. ரெண்டு தடவை சோப்புத் தண்ணில ஊறப்போட்டு அலசினேன். வர்ற பிள்ளை நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைக்கும்? மணி ஒம்பதே முக்கால் ஆச்சு, சட்டையை மாத்துங்க."

அவள் அதை மேஜையில் விரித்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். நாய் படுக்கப்போகிற போர்வைக்கு இஸ்திரி. பக்கத்து வீட்டில் யாராவது செய்திருந்தால் தெய்வநாயகம் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். துவைச்சிடாதீங்க சார் என்று அந்தப் பெண் தெளிவாகத்தான் சொன்னாள். ஒரு வாரமா இது மேலதான் படுத்திருக்கான், புது வீட்டுல அவனுக்குத் தெரிஞ்சது இது ஒண்ணாத்தான் இருக்கும், நான் விட்டுட்டுப் போனதும் இதுல மூக்கை வச்சுக்கிட்டுத் தூங்கிடுவான் என்றாள். அவர்கள் குழுவுக்கென்று கொட்டகை எதுவும் கிடையாது. தெருவில் அடிபட்டுக் கிடக்கிற நாய்களைத் தூக்கி வந்து ஆளுக்கு ஒன்றாகத் தங்கள் வீட்டிலேயே வைத்துத் தேற்றுகிறார்கள். யாராவது கேட்டு வந்தால், வளர்த்தவரே நாயைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், நாலு கேள்வி கேட்க வேண்டும், மனசுக்கு ஒப்பினால் விட்டுவிட்டு வர வேண்டும், ஒப்பாவிட்டால் நாயோடு திரும்பிவிட வேண்டும். பெண் பார்க்க வருவதுபோல, ஆனால் இங்கே பெண் வீட்டார்தான் பார்க்க வருகிறார்கள் என்று வல்லி நேற்று சிரித்தாள். அவள் சிரித்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம், அந்தப் போர்வையைத் தொடாதே என்று. நாலு வார்த்தை. ஏன் என்று கேட்பாள். வாடைக்கு என்று சொல்ல வேண்டும். தன் வாடை இருக்கிற துணியை விட்டு நாய் நகராது என்று சொல்ல வேண்டும். அங்கே வந்துதான் அவர் பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டார். அந்த விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டுவிடுவாளோ என்ற பயம். கேட்டிருக்க மாட்டாள். அந்தப் பொண்ணு சொல்லிச்சு என்றால் முடிந்தது. குற்றமுள்ள நெஞ்சுக்கு அந்தச் சின்ன வழிகூடப் புலப்படுவதில்லை.

இஸ்திரிப் பெட்டி போர்வைமேல் போய் வந்தது. ஈரம் ஆவியாக எழுந்தது, எழுந்ததில் சோப்பு வாசனைதான் இருந்தது. அது சாக்கு, இது போர்வை. அதையே நினைக்காதே என்று தெய்வநாயகம் தனக்குச் சொல்லிக்கொண்டு, சொன்ன கையோடு அதையே நினைத்தார். அரிசிச் சாக்கு, இரண்டாக மடித்தது, நடுவில் குழி விழுந்தது. உறையூர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஐந்து வருஷம் கர்ணன் அதன்மேல்தான் படுத்தான். தட்டில் வைத்த சோற்றில் பாதியைக் காக்கைக்கு விட்டுவிட்டு எட்டிப் போய் உட்கார்ந்துகொள்வான் என்பதால் பையன் வைத்த பெயர். நாய்க்கு வைக்கிற பெயரா அது? ஆற்றோடு விடப்பட்டவன் பெயர். பெயர் வைத்தபோது யாருக்கும் அது தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை, கொள்ளிடம் பாலத்தின் நடுவில் தோன்றியது, அப்போது வண்டியைத் திருப்பியிருக்கலாம். ஸ்கூட்டரில் காலை வைக்கிற இடத்தில் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் அவனை உட்கார்த்தியிருந்தார். கொண்டுபோகிற வழியெல்லாம் அவன் சந்தோஷமாக இருந்தான். அதை நினைக்காதே. காற்றில் இரண்டு காதும் பின்னால் போயிருந்தன, எதிரே வந்த லாரியையெல்லாம் பார்த்து வாலை ஆட்டினான். நாயோ பூனையோ, ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டால் திரும்பி வராது என்று ஊரில் சொல்வார்கள். தெய்வநாயகம் பொதுப்பணித் துறையில் படம் வரைகிறவர், எதிலும் ஒரு பங்கு கூடுதலாகவே ஜாக்கிரதை பார்ப்பவர். காவிரி, கொள்ளிடம் என்று இரண்டு ஆற்றைத் தாண்டினார். டோல்கேட் பக்கத்தில் ஒரு டீக்கடை ஓரம் சாக்கை விரித்து, இரு என்றார். கர்ணன் இருந்தான். சொன்ன பேச்சு கேட்கிற நாய்.

எதற்காக? கே.கே. நகரில் இந்த வீட்டை வாங்கியாகிவிட்டது, பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது, அடுக்குமாடியில் நாய் கூடாது என்று செக்ரட்டரி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது லிஃப்டில் அவர் காதில் விழுந்தது. யாரிடம் சொன்னார், எதைப் பற்றிச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. நேரே போய்க் கேட்கவில்லை. இப்போது இரண்டாவது மாடியில் கன்றுக்குட்டி மாதிரி ஒரு நாய் இருக்கிறது, லிஃப்டில் அவருக்கு முன்னால் அதுதான் ஏறுகிறது. அன்றைக்கு வல்லி, கர்ணன் இல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னவளிடம் என்ன பேசுவது? பேசுவதைவிட இரண்டு ஆற்றைத் தாண்டுவது சுலபமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை. அவள் டீச்சர், பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்க எட்டே காலுக்கு ஓடினாள். எட்டு மணிக்கே ஆபீஸ் கிளம்புவதாகப் போக்குக் காட்டியிருந்தவர், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து ஒன்பதுக்குக் கர்ணனோடு வண்டியை எடுத்தார். பத்தரைக்குத் திரும்பி வந்து, கேட்டைச் சாத்தாமல் அப்படியே விட்டு ஆபீஸ் போனார். சாயங்காலம் வல்லி பதறிப்போய்ப் போன் செய்தபோது, வந்து பார்த்துவிட்டு, கேட் திறந்து கிடந்திருக்கே என்றார். அவ்வளவுதான். பொய்கூட இல்லை, கேட் திறந்துதான் கிடந்தது. மிச்சத்தை அவளே சேர்த்துக்கொண்டாள். ஐயோ, நான்தான் அவசரத்துல தாழ் போடாம ஓடிட்டேன், என் தப்புதான், என் தப்புதான் என்று தலையில் அடித்துக்கொண்டாள். இல்லை என்று அவர் சொல்லவில்லை. பாக்காதே, பாக்காதே அந்தக் கேட்டை என்றுதான் சொன்னார். அன்று முதல் நாலு நாள் அவளோடு சேர்ந்து தெருத் தெருவாகத் தேடினார். நாச்சியார் கோயில் பக்கம், மீன் மார்க்கெட் பக்கம், சாக்கடை ஓரமெல்லாம். கர்ணா, கர்ணா என்று அவரும் கூப்பிட்டார். அதுதான், அந்தக் கூப்பிட்டதுதான், இந்த ஒன்பது வருஷத்தில் சில சமயம் பல் தேய்க்கும்போது சம்பந்தமில்லாமல் காதில் கேட்டு, தெய்வநாயகம் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுக்கொள்வார்.

வல்லி பூக்காரி குரல் கேட்டு வெளியே போனாள், உடனே வந்தாள், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். டக். இழுத்துப் பார்த்தாள். எடுத்து மறுபடி போட்டாள். டக். இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை. டக். ஒன்பது வருஷமாக இப்படித்தான். தூங்கப் போகும்போது, பால் வாங்கும்போது, குப்பை கொட்டும்போது. பையன் ஓசூரிலிருந்து வந்தால் கேலி செய்வான், அம்மா, மூணு தாழ்ப்பாளா வாங்கி மாட்டிடலாமே என்று. அவளும் சிரிப்பாள். தெய்வநாயகம் அந்த நேரத்தில் பேப்பர் படிப்பார். போன மாசம் அவர் ரிட்டையர் ஆகி ஒரு வருஷம் முடிந்த அன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள்தான் மெதுவாகக் கேட்டாள், ஒரு நாய் வச்சுக்கலாமாங்க என்று. கேட்டுவிட்டு, இந்தத் தடவை பத்திரமாப் பாத்துக்குவேன் என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டவர் எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? சரி என்றார். அதனால்தான் இந்தப் போர்வை, இந்த இஸ்திரி, இந்த ஞாயிற்றுக்கிழமை.

ஆனால் பயம் போர்வையில் இல்லை, பாரத்தில் இருக்கிறது. நாய் கேட்கிறவர்களுக்குக் குழு அனுப்புகிற நாலு பக்க விண்ணப்பப் பாரம். அதைப் பிரிண்ட் எடுத்து, வரைபடத்தில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில் அவர்தான் பூர்த்தி செய்தார். பதினோராவது கேள்வி: இதற்கு முன் வளர்த்த பிராணி, அதற்கு என்ன ஆயிற்று? ஒன்றும் வளர்த்ததில்லை என்று எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. ஐந்து வருஷம் காலைச் சுற்றி வந்ததை இல்லவே இல்லை என்று எழுதப் பேனா ஓடவில்லை, அவ்வளவு யோக்கியம் மட்டும் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது. ஓடிப்போனது என்று எழுதினால், பார்த்துக்கொள்ளத் துப்பில்லாத வீடு என்று நாய் தரமாட்டார்கள். ஆகவே, கர்ணன், ஆண் நாய், பதினான்கு வயதில் முதுமையால் இறந்தது. எழுதிவிட்டு அடிக்கோடு வேறு போட்டார், கைப் பழக்கம். இப்போது அந்தப் பெண் வந்து உட்கார்ந்து பாரத்தைப் பிரித்து, உங்க கர்ணன் பதினாலு வருஷம் இருந்தானா என்று கேட்கும்போது வல்லி காப்பியோடு பக்கத்தில் நிற்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், சோறு பரிமாறுகிறவளிடமிருந்து எப்படி மறைப்பது? பத்து நாளாக அவளை இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைவிட்டுக் கிளப்ப அவரும் பார்த்துவிட்டார். தென்னூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய் வாயேன் என்றார். நாய் வர்ற நேரத்துல நான் எங்க போறது, புத்தி கித்தி இருக்கா உங்களுக்கு என்றாள். வயலூர் போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வா என்றார். நாயும் வரட்டும், மூணு பேருமா போவோம் என்றாள். மணி பத்தரை. பாரத்தை அந்தப் பெண் கொண்டுவர மறந்திருக்கலாம். மழை வரலாம். ஜன்னல் வழியாகப் பார்த்தார். திருச்சி வெயில், கண்ணைத் திறக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தது வல்லிக்கு மட்டுமல்ல, யாருக்குமே தெரியாது. திருப்பிக் கூட்டி வருவதற்குத்தான் போனாரா என்று கேட்டால் ஆம் என்று சத்தியம் செய்ய முடியாது. போனார். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார், நாலு நாளா அந்தச் சாக்கை விட்டு எந்திரிக்கல சார், பால் ஊத்தினேன், மோந்து பாத்துச்சு, குடிக்கல, நேத்து ராத்திரி நல்ல மழை, காலைல வந்து பாத்தா ஆளைக் காணோம். உங்க நாயா என்று கேட்டார். இல்லை என்றார் தெய்வநாயகம். சாக்கு மட்டும் நனைந்து கிடந்தது, நடுவில் அதே குழி. அங்கே இங்கே என்று ஒரு மணி நேரம் சுற்றினார். கூப்பிடவில்லை. டீக்கடைக்காரருக்குக் கேட்டுவிடும். உறையூரில் இல்லாத நாயை நாலு நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், இருந்திருக்கக்கூடிய இடத்தில் வாயைத் திறக்கவில்லை. இதை அவர் தனக்குத்தானே இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொண்டது இதுவே முதல் தடவை, சொல்லிக்கொண்டதும் காலிங் பெல் அடித்தது.

பெனிட்டா தோளில் பையும் கையில் வாருமாக நின்றாள். வாரின் மறுமுனையில் கொண்டைக்கடலை நிறத்தில் ஒரு நாட்டு நாய், இடது காதில் பாதி இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சுண்டல் வண்டிக்கு அடியில் கால் ஒடிந்து கிடந்ததைத் தூக்கி வந்ததால் பெயர் சுண்டல் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். கால் சேர்ந்துவிட்டது, கொஞ்சம் சாய்த்து நடந்தது. வல்லி, வாடா, வாடா என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது அவள் கையை நக்கியது, செருப்பு வைக்கிற இடத்தை மோந்தது, சோபாக் காலை மோந்தது, பால்கனி ஓரம் விரித்திருந்த பச்சைப் போர்வைக்குப் போனது. மூக்கை வைத்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி மூக்கை வைத்தது. பிறகு அதைவிட்டு இறங்கி, வாசல் கதவுக்குப் போய், கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டது.

"இது நான் குடுத்த போர்வையா சார்?" என்றாள் பெனிட்டா.

"அதேதான்மா," என்றாள் வல்லி பெருமையாக. "கிழிஞ்சதைக்கூடத் தைச்சுட்டேன்."

"துவைக்க வேண்டாம்னு சார்கிட்ட சொல்லியிருந்தேனே ஆன்ட்டி."

"ஐயோ, அப்படியா? எனக்குத் தெரியாதேம்மா." வல்லியின் கை வாய்க்குப் போனது. "என் தப்புதான். எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யறதில்ல நான்."

என் தப்புதான். அதே சொல், அதே குரல். தெய்வநாயகத்துக்குக் காது சுட்டது. பெனிட்டா பையிலிருந்து பாரத்தை எடுத்தாள். மறக்கவில்லை. முதல் பக்கம், இரண்டாம் பக்கம். அவருடைய குண்டு எழுத்து தூரத்திலிருந்தே வாசிக்கும்படி இருந்தது.

"முன்னாடியும் நாய் வளத்திருக்கீங்க, நல்லது. கர்ணன். பதினாலு வயசு இருந்தானா?"

"பதினாலா?" வல்லி சிரித்தாள். "அஞ்சு வயசும்மா அதுக்கு. எங்க இருந்துச்சு பதினாலு வயசு வரைக்கும். ஓடிப்போச்சு. நான்தான் அவசரத்துல கேட்டைத் தாழ் போடாம..."

பெனிட்டா பாரத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். வல்லியும் எட்டிப் பார்த்தாள், எழுதியிருந்ததைப் படித்தாள். ஒரு நிமிஷம்தான். அவளே அதற்கும் வழி கண்டுபிடித்தாள். "நான் பாத்தா வருத்தப்படுவேன்னு இப்படி எழுதியிருக்காரும்மா. எங்க வீட்டுல அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாரு, எனக்காக."

எவ்வளவு அழகான வழி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கொடுத்த மாதிரியே இப்போதும் கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவர் ஒன்றுமே சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும், நல்ல மனுஷன் ஆகிவிடலாம், நாயும் வந்துவிடும். நாய் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. வாலை ஆட்டவில்லை, குரைக்கவில்லை. இரு என்று யாரோ சொல்லிவிட்டுப் போனதுபோல் இருந்தது.

"கேட்டை நீ தாழ் போட்டுட்டுத்தான் போன," என்றார் தெய்வநாயகம்.

வல்லி திரும்பினாள்.

"நான்தான் கொண்டுபோய் விட்டேன். டோல்கேட்டுல. கேட்டைத் திறந்து போட்டதும் நான்தான்."

இஸ்திரிப் பெட்டி ஆறும்போது ஒரு சின்னச் சத்தம் போட்டது. வல்லி மெதுவாகக் கேட்டாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்பதுபோல, ஒவ்வொன்றாக.

"அந்தச் சாக்கையும் அன்னைக்கு எடுத்துட்டுப் போனது நீங்கதானா? குப்பைக்காரன் எடுத்துட்டான்னு சொன்னீங்களே."

"ஆமா."

"அப்புறம் போய்ப் பாத்தீங்களா?"

"அஞ்சாம் நாள். நாலு நாள் அந்தச் சாக்கு மேலயே உக்காந்திருந்துச்சாம். அப்புறம் காணோம்."

"அந்த நாலு நாளும் நாம உறையூர்ல தேடினோம்."

"ஆமா."

"நீங்களும் கூப்பிட்டீங்க."

"ஆமா," என்றார். அழுகை வருமோ என்று நினைத்தார், வரவில்லை, வெட்கம்தான் வந்தது, சட்டை இல்லாமல் நடுத்தெருவில் நிற்கிற வெட்கம்.

வல்லி எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பெனிட்டா கொஞ்ச நேரம் நாயின் கிழிந்த காதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவையும் பாரத்தையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பதினொண்ணை நீங்களே அடிச்சுட்டு எழுதிடுங்க சார்."

எழுதினார். கொண்டுபோய் விட்டுவிட்டேன். இந்த முறை எழுத்து குண்டாக வரவில்லை.

"இன்னிக்கு இவனை விட்டுட்டுப் போக முடியாது," என்றாள் அவள். "போர்வையும் வீணாப் போச்சு. இதை நான் எங்க ஆளுங்ககிட்ட சொல்லியாகணும். வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவாங்க. இருந்தாலும் துவைக்காத துணி ஏதாவது ஒண்ணு குடுங்க. அவன் படுக்கையில போட்டு வைக்கிறேன். சரின்னு சொல்லிட்டாங்கன்னா, வரும்போது உங்க வாடை அவனுக்குப் பழகியிருக்கும்."

தெய்வநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். நேற்றைய துண்டு, வேர்வை காய்ந்திருந்தது. நீட்டிய கையைத் தாண்டி வல்லி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். அழுக்குக் கூடையிலிருந்து எடுத்த ஒரு நூல் புடவை அவள் கையில் சுருண்டிருந்தது.

"அவர் துண்டு வேண்டாம்மா. அது பாவம், நம்பிடும்." புடவையைப் பெனிட்டாவின் பையில் அவளே திணித்தாள். "இது நேத்து கட்டினது. துவைக்கல."

லிஃப்ட் வரைக்கும் வல்லி கூடவே போனாள். சுண்டல் இப்போது வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடியது, வந்த வழி அதற்குத் தெரிந்திருந்தது. தெய்வநாயகம் துண்டோடு கூடத்திலேயே நின்றார். வல்லி திரும்பி உள்ளே வந்து, அவர் பக்கம் பார்க்காமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். டக். அடுத்த சத்தத்துக்காகத் தெய்வநாயகம் காத்திருந்தார். வல்லி அடுப்பங்கரைக்குப் போய்விட்டிருந்தாள்.